நிறுத்தங்களை முதலில் குறியுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

விடுமுறை நெருங்கும்போது, குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் செல்வது பற்றிய கடிதங்கள் நிறைய வருகின்றன. அவற்றுள் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் சற்று நீளமானது. மற்ற பதில்களுக்கும் அதுவே அடித்தளம் என்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: 640 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உறவினர் வீட்டுக்குக் காரில் செல்லவிருக்கிறோம். 4 வயது மகள், 11 வயது மகன், 72 வயது மாமியார் ஆகியோரும் உடன் வருகிறார்கள். வரைபடச் செயலி 9 மணி நேரம் ஆகும் என்கிறது. வழியில் 250ஆவது கிலோமீட்டரில் ஒரு பெருநகரத்தைக் கடக்க வேண்டும். வேலை முடிந்து வந்து இரவு 11 மணிக்குப் புறப்பட்டால் நெரிசல் இருக்காது, பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள் என்கிறார் என் கணவர். எனக்கும் நன்றாக ஓட்டத் தெரியும். ஆனாலும் இரவுப் பயணத்தை நினைத்தாலே அச்சமாக இருக்கிறது. எது சரி?

பதில்: உங்கள் அச்சம் சரியானது. நெரிசலைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது உண்மைதான். அவர் கணக்கில் சேர்க்காமல் விட்டது தம் உடலை. காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது, அவர் விழித்திருந்த நேரம் ஏற்கெனவே 17 மணி ஆகியிருக்கும். ஏறத்தாழ 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்திருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அந்த அளவுக்கு மேல் வண்டி ஓட்டுவதே குற்றம். அந்த நிலையில் தொடங்கி இன்னும் 9 மணி நேரம் ஓட்ட வேண்டும், அதிலும் உடலின் உறக்க விருப்பம் உச்சத்தில் இருக்கும் பின்னிரவு 2 மணி முதல் விடியற்காலை 6 மணி வரையிலான பொழுதை முழுமையாகத் தாண்ட வேண்டும். நெரிசலில் நின்றால் நேரம்தான் போகும் என்பதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பகலில் போவதென்றால், வரைபடச் செயலி காட்டும் 9 மணி நேரத்தை வண்டி ஓடும் நேரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பயண நேரம் அதைவிடக் கூடுதல். வழக்கமாக நாம் வந்து சேரும் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, நிறுத்தங்களை அதற்கேற்ப நறுக்குகிறோம். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: காரில் இருப்பவர்களுள் யாரால் மிகக் குறைந்த நேரம் உட்கார முடியுமோ, அவரை வைத்து நிறுத்தங்களை முதலில் குறியுங்கள், ஓட்டும் நேரத்தை அவற்றுக்கிடையே பொருத்துங்கள். உங்கள் வீட்டில் அந்த அளவுகோல் 4 வயதுக் குழந்தையும் 72 வயது மாமியாரும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்பது ஓட்டுபவருக்கும் பொருந்தும்.

காலை 6 மணிக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். 8 மணிக்கு 20 நிமிட நிறுத்தம். கையில் கொண்டுபோவதைக் கொடுத்துக் குழந்தையின் பசியை அமர்த்தலாம். மறுபடி புறப்பட்டு ஒரு மணி நேரம் ஓட்டினால், 9.20 மணியளவில் நகரத்துக்கு 40 கிலோமீட்டர் முன்னால் இருப்பீர்கள். அப்படியே தொடர்ந்து சென்றால் அலுவலக நேர நெரிசலின் வாலில் போய் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே காலை உணவுக்கான 45 நிமிட நிறுத்தத்தை அங்கேயே, நகரத்துக்கு வெளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 10.40 மணிக்கு நகர எல்லையைத் தொடும்போது நெரிசல் பெரும்பாலும் கலைந்திருக்கும். நகரத்தைத் தாண்டிவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம் என்று பலரும் நினைப்பார்கள். அவர்கள் முக்கால் மணி நேரம் புகைக்கு நடுவே நின்றுவிட்டு, பசியோடும் எரிச்சலோடும் வெளியே வருவார்கள். நீங்கள் அதே முக்கால் மணி நேரத்தை மர நிழலில் கழிக்கிறீர்கள். போய்ச் சேரும் நேரம் ஏறத்தாழ ஒன்றே.

பிறகு 12.10 மணிக்கு மதிய உணவு, 50 நிமிடம். இந்த நிறுத்தத்தில் உங்களுள் ஒருவர் சாப்பாட்டைக் குறைவாக எடுத்துக்கொண்டு, இருக்கையைச் சாய்த்து 15 முதல் 20 நிமிடம் கண்ணை மூடட்டும். அடுத்த கட்டத்தை அவரே ஓட்டட்டும். பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை உடல் மீண்டும் ஒருமுறை உறக்கத்தை நாடும் வேளை என்பதால், அந்தப் பொழுதில் ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர் ஓய்வெடுத்தவராக இருக்க வேண்டும். 3 மணிக்கு 25 நிமிடம் நின்று புறப்பட்டால் மாலை 5.20 மணிக்குச் சேர்ந்துவிடலாம். மொத்தம் 11 மணி 20 நிமிடம். அதில் நிறுத்தங்களுக்குப் போனது 2 மணி 20 நிமிடம். உறவினர்களிடம் 5.20 என்று சொல்லாதீர்கள், ஏழு மணிக்குள் வந்துவிடுவோம் என்று சொல்லுங்கள். "எங்கே வருகிறீர்கள்?" என்று மணிக்கொரு முறை வரும் தொலைபேசி அழைப்பே பல வண்டிகளை வேகப்படுத்துகிறது.

இன்னொன்று. பெட்டிகளை முதல்நாள் மாலையே ஏற்றிவிடுங்கள். விடியற்காலையில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எங்கே வைப்பது என்று தடுமாறுவதில்தான் முக்கால் மணி நேரம் போய்விடும். அந்த முக்கால் மணி நேரமே பிறகு ஒரு நிறுத்தத்தை விழுங்கும்.

கேள்வி: நிறுத்தங்களில் போகும் நேரத்தை, வேகத்தைச் சற்றுக் கூட்டி ஈடுகட்ட முடியாதா?

பதில்: தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிலோமீட்டரை 90 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 3 மணி 20 நிமிடம் ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 3 மணி நேரம். மிச்சம் 20 நிமிடம், அதுவும் வழியில் எந்தத் தடையும் இல்லாமல் ஒரே வேகத்தில் ஓடினால் மட்டும். உண்மைச் சாலையில் முன்னால் போகும் லாரியும், சுங்கச்சாவடியும், ஊர்ப்புறச் சந்திப்புகளும் அந்த மிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மறுபக்கம், வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், 90இலிருந்து 110க்குப் போனால் பிரேக் அடித்து நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. எரிபொருளும் அதற்கேற்பக் கூடுதலாகச் செலவாகும். சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள் ஒரே சீராக ஓட்டுங்கள். நேரம் வேண்டுமானால் அரை மணி முன்னதாகப் புறப்படுங்கள்.

கேள்வி: விபத்தோ சாலைப்பணியோ எதுவும் இல்லாத நெடுஞ்சாலையில் நெரிசலில் சிக்கி நின்றோம். அரை மணி கழித்துத் தானாகவே விலகியது. எதனால் நின்றோம் என்றே தெரியவில்லை. அப்போது செயலி காட்டிய குறுக்குவழியில் திரும்பியிருக்கலாமா?

பதில்: காரணமே இல்லாமல் நெரிசல் பிறக்கும் என்பது சோதனையில் கண்ட உண்மை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரையும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிறிது நேரம் எல்லாம் சீராக ஓடின. பிறகு யாரோ ஒருவர் லேசாகத் தயங்க, பின்னால் வந்தவர் அதைவிடச் சற்று அழுத்திப் பிரேக் பிடிக்க, அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் அழுத்த, சில கார்கள் முழுமையாக நின்றே போயின. அந்த நின்ற கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. 2008இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகு, முன்வண்டியை ஒட்டிப் போவதை நான் அறவே விட்டுவிட்டேன். நீங்கள் விட்டுவைக்கும் இடைவெளி, உங்களுக்குப் பின்னால் வருபவர்களின் நெரிசலைக் குறைக்கிறது. வரிசை மாறி மாறிப் புகுந்து செல்வதால் கிடைப்பது மிகச் சொற்பம்; புகுந்த ஒவ்வொரு முறையும் பின்னால் ஒருவர் பிரேக் பிடிக்கிறார்.

குறுக்குவழியைப் பொறுத்தவரை, செயலி காட்டும் மிச்சம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் நான் திரும்ப மாட்டேன். அதே யோசனை அதே நேரத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்குப் போகிறது. அகலம் குறைந்த கிளைச் சாலை சீக்கிரமே அடைபடும். அந்தச் சாலையில் கழிப்பறையும் எரிபொருள் நிலையமும் இருக்கின்றனவா என்பதைச் செயலி தானாகச் சொல்வதில்லை. பிள்ளைகளோடு போகும்போது எரிபொருள் கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மின்சாரக் கார் என்றால் நெரிசலில் நிற்கும்போது குளிரூட்டிக்கும் மின்சாரம் செலவாகும் என்பதால், அடுத்த மின்னேற்று நிலையத்தைக் கையிருப்பு தாராளமாக இருக்கும்போதே குறித்துவையுங்கள்.

கேள்வி: ஓட்டும்போது தூக்கம் வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமாளித்துவிடுவேன். இது போதாதா?

பதில்: போதாது. இதை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், மணி மூன்று இருக்கும். பின்னிருக்கையில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சொல்வதுபோலவே கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன். காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று சாலையின் ஓரக்கோட்டில் போட்டிருந்த புடைப்புகளின் மேல் சக்கரங்கள் ஏறி, வண்டி முழுவதும் தடதடவென்று அதிர்ந்தது. கைகள் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன. கண்ணை மூடிய நினைவே எனக்கு இல்லை. தூரத்தில் ஒரு பாலம் வருகிறது என்று எண்ணியதுதான் கடைசியாக நினைவில் இருந்தது. அந்தப் பாலம் பின்புறக் கண்ணாடியில் தெரிந்துகொண்டிருந்தது.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. நான்கு நொடி கண் அயர்ந்தால், 110 மீட்டருக்கு மேல் ஓட்டுநர் இல்லாத வண்டி அது. காற்றும் பாட்டும் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. அடிக்கடி கொட்டாவி, கடந்துவந்த கடைசிச் சில கிலோமீட்டர்கள் நினைவில் இல்லாமை, கோட்டைத் தொட்டுத் தொட்டு வண்டி திரும்புவது: இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அடுத்துவரும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஒரு குவளை காபி குடித்துவிட்டு, உடனே 15 முதல் 20 நிமிடம் தூங்குங்கள். காபியிலுள்ள காஃபின் முழுமையாக வேலைசெய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும் என்பதால், நீங்கள் எழும் வேளையில் அதுவும் துணைக்கு வந்து சேரும். அரை மணிக்கு மேல் தூங்கினால் எழுந்தவுடன் மந்தமாக இருக்கும். அது தெளியும்வரை ஓட்டக் கூடாது. அதற்குப் பிறகும் தூக்கம் வந்தால் அன்றைய ஓட்டம் அங்கே முடிந்தது என்று கொள்ளுங்கள்; வேறொருவர் ஓட்டட்டும், அல்லது அங்கேயே தங்கிவிடுங்கள். முன்னிருக்கையில் உடன் உட்காருபவர் தூங்காமல் இருப்பதையும் ஒரு பொறுப்பாக முன்கூட்டியே பேசி ஒப்படைத்துவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு வயது 70. காரில் நெடுந்தூரம் போனால் வழியெங்கும் தண்ணீரே குடிக்க மாட்டார். "எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் ஓட்டுங்கள்" என்பார். இறங்கும்போது கால் வீங்கியிருக்கிறது. வற்புறுத்தவும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்கள் அம்மாவுக்குத் தாகம் இல்லாமல் இல்லை. தம் ஒருவருக்காக வண்டியை நிறுத்த வேண்டியிருக்குமே, போகும் இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற இரண்டு கவலைகளை, யாரிடமும் சொல்லாமல் வாயைக் கட்டித் தீர்த்துக்கொள்கிறார். பெண்கள் பலர், வயது வேறுபாடில்லாமல், இதைச் செய்கிறார்கள். கேட்டால் பழகிவிட்டது என்பார்கள்.

உடல் அதைப் பழகிக்கொள்வதில்லை. நீர் குறைந்தால் தலைவலியும் தலைசுற்றலும் வரும். முதியவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடுவதால் குறைவு ஏற்பட்டதை அவர்கள் தாமதமாகத்தான் உணர்வார்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பது தனிக் கேடு. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில், அசைவில்லாமல் அமர்ந்திருப்பதால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு அடிப்படையிலேயே மிகக் குறைவுதான். ஆனால் வயது, உடல் பருமன், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, முன்பு இரத்தம் உறைந்த வரலாறு ஆகியவை அதைக் கூட்டும். இரு கால்களிலும் வரும் லேசான வீக்கம் பெரும்பாலும் நடந்தால் வடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும் இருந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீர்மாத்திரையோ இதய மருந்தோ சாப்பிடுபவர் என்றால், பயண நாளில் எவ்வளவு குடிக்கலாம், மாத்திரையை எப்போது எடுக்கலாம் என்று அவருடைய மருத்துவரை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வற்புறுத்த வேண்டாம், "நிறுத்தட்டுமா அம்மா?" என்று கேட்கவும் வேண்டாம், வேண்டாம் என்றுதான் சொல்வார். புறப்படுவதற்கு முதல்நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தெந்த இடங்களில் எத்தனை மணிக்கு நிற்கப்போகிறோம் என்பதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுங்கள். சுத்தமான கழிப்பறை உள்ள இடங்களாக விசாரித்துக் குறியுங்கள். வண்டி நின்றதும் நீங்கள்தான் முதலில் இறங்க வேண்டும். எல்லோரும் இறங்குகிறார்கள் என்று கண்டால் அவரும் இறங்குவார், இரண்டு நிமிடம் உங்களோடு நடப்பார். அடுத்த நிறுத்தம் எத்தனை மணிக்கு என்பது அவர் கையிலுள்ள தாளிலேயே இருப்பதால், இடையில் தண்ணீர்ப் புட்டியை நீட்டும்போது மறுக்க மாட்டார்.