இலியோஸ்டமி பை ஒழுகுவதும் தலைசுற்றலும்

வணக்கம்ங்க. ரோபோ முறையில் மலக்குடல் புற்றுநோய்க் கட்டியை எடுத்த அப்பாவுக்கு ஏற்காடு வீட்டில் பை ஒழுகுகிறது, தலை சுற்றுகிறது என்கிறீர்கள்; ரோபோதான் காரணமா என்றும் கேட்கிறீர்கள். இதற்கும் ரோபோவுக்கும் சம்பந்தமில்லை. ஆசனவாய்க்கு அருகில் குடலை இணைத்தால், எந்த முறையில் செய்தாலும், அந்தத் தையல் ஆற சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றில் திறந்து வைப்பது வழக்கம். இதுதான் இலியோஸ்டமி; கழிவு வயிற்றில் ஒட்டிய பையில் சேரும்.

முதலில் தலைசுற்றலைக் கவனியுங்கள். கழிவோடு நீரும் உப்பும் அதிகம் போவதால் அது வரலாம். அளவுக்குவளை வைத்து 24 மணி நேரக் கழிவை அளந்து எழுதுங்கள். ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அன்றே அறுவை மருத்துவரிடம் பேசுங்கள். மருத்துவமனைக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், இருட்டும்வரை காத்திருக்காதீர்கள். வெறும் தண்ணீரை நிறையக் கொடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அது உப்பை இன்னும் இழுத்துக்கொண்டு வெளியேறும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுங்கள். உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி நல்லது. காபி இப்போதைக்கு வேண்டாம். பலாச்சுளையும் தேங்காய்த் துண்டும் அடைத்துக்கொள்ளும். கழிவைக் குறைக்கும் லோபரமைடு மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

ஒழுகலுக்குப் பெரும்பாலும் காரணம், பையைத் தோலில் ஒட்டும் தகட்டில் வெட்டும் ஓட்டையின் அளவு. அறுவைக்குப் பிறகு முதல் 6 முதல் 8 வாரத்தில் குடல்வாய், அதாவது வயிற்றில் திறந்திருக்கும் குடல் முனை, சுருங்கும். பழைய அளவில் வெட்டினால் சுற்றிலும் தோல் வெளியே தெரியும், கழிவு பட்டுப் புண்ணாகும். குடல்வாயை வாரம் ஒருமுறை அளந்து, அதைவிட 2 மி.மீ. மட்டும் கூடுதலாக ஓட்டையை வெட்டுங்கள். தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் தகடு ஒட்டாது. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்யுங்கள். கனம்தான் தகட்டைப் பிய்க்கிறது.