பின்னால் நிற்பவரைப் பிடித்துப்போனால்?

கேள்வி: அன்பின் அக்கா, நான் உயர்தரம் படிக்கிறேன். நானும் மூன்று சிநேகிதிகளும் பிரித்தானியாவின் குயீன் ரொக் இசைக்குழு என்றால் உயிரை விடுவோம். வகுப்புக் கலைவிழாவில் நாங்கள் நால்வரும் அந்த நால்வராக மேடையேறப் போகிறோம். எனக்குப் பிடித்தவர் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜோன் டீக்கன். சொன்னதும் சிரித்தார்கள். "வித்தியாசமாகக் காட்டத்தான் அப்படிச் சொல்கிறாய். அவர் என்ன செய்தார் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் விட்டுவிட்டுப் போன ஆள்" என்கிறார்கள். பெரியம்மாவின் மகன் அண்ணாவோ, "பாடுகிற ஃபிரெடி எங்கட பக்கத்து ஆள், அவரை விட்டுவிட்டு வேறு ஆளா?" என்று கோபிக்கிறார். நானும் அதிகம் பேசாதவள். அதனால்தான் ஜோனைப் பிடிக்கிறதோ என்று இப்போது எனக்கே சந்தேகம். இதெல்லாம் ஒரு காரணமா அக்கா?
– அமைதியானவள், வெள்ளவத்தை

பதில்: அன்பின் தங்கச்சி,

உங்கள் சிநேகிதிகள் குயீன் பாட்டுகளை எதில் கேட்கிறார்கள்? போனில், ஸ்பீக்கரைப் போட்டுத்தானே? அப்படியென்றால் அவர்கள் ஜோன் டீக்கனை இன்னும் சரியாகக் கேட்கவே இல்லை. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் தட்டினால் அது நொடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிரும். அவ்வளவு தாழ்ந்த ஒலியைப் போனுக்குள் இருக்கிற நகத்தளவு ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. ஃபிரெடி மெர்குரியின் குரல் வரும், பிரையன் மேயின் கிட்டார் வரும், ரொஜர் டெய்லரின் ட்ரம்ஸும் ஓரளவுக்கு வரும். நாலாவது ஆள் முக்கால்வாசி காணாமல் போய்விடுவார்.

நீங்கள் வெள்ளவத்தைப் பிள்ளை, ஆடிவேல் பார்த்திருப்பீர்கள். செட்டியார் தெருவில் புறப்பட்ட தேர் காலி வீதியால் பம்பலப்பிட்டிக்கு வரும்போது, நாதஸ்வரம் காதுக்கு எட்ட முன்னமே தவில் வந்து நெஞ்சில் இடிக்கும். சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்துகொண்டு அந்த இடியைத்தான் நான் முதலில் கேட்டேன். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி இருந்த காலத்தில், நாதஸ்வரம் யார் என்று கேட்காமல் தவில் யார் என்று கேட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போவோமென்று அப்பா சொல்வார். அவர்களை யாரும் வித்தியாசம் காட்டுகிறார்கள் என்று சொல்லவில்லை. அவர்களுடைய காது அங்கே போனது, அவ்வளவுதான். உங்கள் காது பேஸுக்குப் போகிறது.

அப்புறம், அவர் என்ன செய்தார் என்ற கேள்வி. 1971இல், 20 வயதுகூட ஆகாத எலெக்ட்ரோனிக்ஸ் மாணவனாக ஜோன் குயீனில் சேர்ந்தார். நால்வரில் கடைசியாக வந்தவர், வயதிலும் இளையவர். 1980இல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன 'அனதர் வன் பைட்ஸ் த டஸ்ட்' அவர் எழுதிய பாட்டு. 'ஐ வோன்ட் டு பிரேக் ஃப்ரீ'யும் அவருடையதுதான். அந்த முதல் பாட்டை நல்ல ஹெட்போனில் போட்டுத் தொடக்கத்தை மட்டும் கேளுங்கள். ஒரே சுரம், மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெட்டியெடுத்த மாதிரி ஓர் அமைதி. அடுத்த சுரத்தை அவர் அவசரப்பட்டு வாசிப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் நமக்குக் கால் ஆடத் தொடங்குகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு ஒருகணம் நிற்கும்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன், அதுதான் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது. உங்கள் வயதில் எனக்குப் பிடித்தவர் பிரையன் மே. ஏன் தெரியுமா? என் அப்பா கொட்டாஞ்சேனையில் ரேடியோ திருத்துபவர். பிரையன் தன் கிட்டாரைக் கடையில் வாங்கவில்லை. 1963இல் தொடங்கி, அவரும் அவருடைய அப்பாவுமாக வீட்டிலேயே செய்தார்கள். கழுத்துக்குக் குளிர்காயும் பழைய அடுப்பின் மேல்சட்டத்து மரம், கழுத்தில் பதித்த வெள்ளைப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். இதைப் படித்த அன்று எங்கள் மேசையில் ஈயம் உருகும் மணம்தான் எனக்கு வந்தது. அப்பாவுக்காகத்தான் எனக்குப் பிரையனைப் பிடித்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கதை ஒரு மாதத்தில் பழகிப்போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் கேட்டுக்கொண்டே இருந்தது அந்தக் கிட்டாரின் ஒலிக்காக.

எனவே உங்களைப் போல அமைதியானவர் என்பதால் ஜோனைப் பிடித்தால் பிடிக்கட்டும். அதை வைத்து உங்களையே சந்தேகப்படாதீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று யோசிப்பதைக் கொஞ்சம் குறைத்து, அவருடைய விரல்கள் என்ன செய்கின்றன என்பதைக் கேளுங்கள். ஒரு பாட்டை எடுத்து, முதலில் இருந்து கடைசி வரைக்கும் பேஸின் பின்னாலேயே போங்கள். வார்த்தைகளை விட்டுவிடுங்கள். மூன்றாவது தடவைக்குள் உங்களுக்கே தெரிந்துவிடும், பிடித்தது அந்த அமைதியா, அந்த வாசிப்பா, இரண்டுமா என்று.

ஒரு விஷயம் எனக்கு வெகுகாலம் பிந்தித்தான் தெரியவந்தது. பிரையனின் சில பாட்டுகளில் கிட்டார், வாத்தியக் குழு வாசிப்பது போல ஒலிக்கும் அல்லவா? அதற்கு அவர் பாவித்த சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியைச் செய்துகொடுத்தவர் ஜோன். லண்டனில் குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு மின்சுற்றுப் பலகையை எடுத்துவந்து, பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, பற்றரியில் ஓடவிட்டார். நான் பிரையனைக் கேட்கிறேன் என்று நினைத்த இடத்தில் உங்கள் ஆளும் இருந்திருக்கிறார்!

அண்ணாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஃபிரெடி ஆபிரிக்காவில் சன்சிபார் தீவில் பிறந்த, இந்தியப் பார்சிச் சமூகத்துப் பிள்ளை, இந்தியாவில் பஞ்சகனியில் விடுதியில் தங்கிப் படித்தவர். நம்மைப் போன்ற முகத்தோடு ஒருவர் அந்த மேடையில் நின்று உலகத்தையே பாட வைத்தார் என்பது அண்ணாவுக்குப் பெரிய விஷயம். எனக்கும்தான். அவரிடம் 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்' பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். ஜோன் தன் மனைவிக்காக எழுதியது. அதிலுள்ள எலெக்ட்ரிக் பியானோவைத் தொட ஃபிரெடிக்கு விருப்பமில்லை, அதையும் ஜோனே வாசித்தார். ஆனால் பாடியவர் ஃபிரெடி. அண்ணாவின் ஆள் உங்கள் ஆளின் வரிகளை எவ்வளவு அன்போடு பாடுகிறார் என்று கேட்கட்டும்.

விட்டுவிட்டுப் போனவர் என்ற பேச்சுக்கு நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 1991 நவம்பரில் ஃபிரெடி இறந்தார். அதன் பிறகு ஒருசில தடவை மட்டும் மேடையேறிய ஜோன், 1997க்குப் பிறகு இசையுலகிலிருந்தே ஒதுங்கிவிட்டார். பிரையனும் ரொஜரும் தொடர்ந்தார்கள். இரண்டுமே துக்கம்தான். 1989இல் வந்த இசைத்தட்டில் பாட்டுகளை எல்லாம் தனித்தனிப் பெயர் போடாமல் குழுவின் பெயரிலேயே போட்டவர்கள் அவர்கள். அவர்களே பிரிக்காததை உங்கள் வகுப்பில் பிரித்து ஏன் மனஸ்தாபப்பட வேண்டும்?

கலைவிழாவில் ஜோனாகவே நில்லுங்கள். ட்ரம்ஸ் பக்கமாக நின்று, ரொஜராக வரும் சிநேகிதியைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள். நேரம் இருந்தால் 'அனதர் வன் பைட்ஸ் த டஸ்ட்' பாட்டின் அந்தத் தொடக்க பேஸ் வரியை உண்மையாகவே பழகிக்கொள்ளுங்கள், அது கைக்கு வராத கஷ்டமான வரி இல்லை. மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கர்கள்தானே வைப்பார்கள். உங்கள் சிநேகிதிகள் அவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா