பெட்டியில் அச்சிட்ட தேதி

மலையேறிப் பழக வேண்டும் என்று இந்த வாரம் வடசென்னையிலிருந்து நிறையக் கடிதங்கள். நம் பக்கம் ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை தட்டையான மண். மலை என்றால் வண்டி பிடித்துத்தான் போக வேண்டும். அதனாலோ என்னவோ, மலையைப் பார்ப்பதற்கு முன்பே பலரும் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

வயது 44. சர்க்கரை ஆரம்ப நிலை. டாக்டர் நடக்கச் சொன்னார். மைதானத்தையே சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது. மலையேறிப் பழக ஆசை. முதலில் என்ன வாங்க வேண்டும்?
— வியாசர்பாடி வாசகர்

முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஷூவோடு, நீங்கள் இருக்கும் குடியிருப்பின் படிக்கட்டில் தினம் இருபது நிமிடம் ஏறி இறங்குங்கள். பேசிக்கொண்டே ஏற முடிய வேண்டும். வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். ஏறும்போது வேலை நெஞ்சுக்கு, இறங்கும்போது முட்டிக்கு. முட்டி பழகுவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

அடுத்த மாதம் பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறிப் பரங்கிமலையில் இறங்குங்கள். சுமார் 300 அடி உயரம், நூற்று முப்பது சொச்சம் படிகள். அது சுலபமானால் திருத்தணி, 365 படிகள். பிறகு செங்கல்பட்டு போய் பஸ் மாறினால் திருக்கழுக்குன்றம், ஐந்நூற்றுக்கும் மேலே. கடைசியாகச் சோளிங்கர், 1,300 படிகளுக்கு மேல். நான்கும் ஏறி முடிக்க நான்கைந்து மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில், பஸ் கட்டணம் தவிர வேறு செலவு இல்லை.

உங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கோயில் படிகளில் வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கல் சுடும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தும் தெரியாது. டாக்டரிடம் பாதத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். சந்தேகம் என்றால் ஷூவோடு ஏறக்கூடிய பரங்கிமலையே போதும்.

பாரிமுனை பிளாட்பாரத்தில் பெரிய பிராண்டு டிரெக்கிங் ஷூ 'ஃபர்ஸ்ட் காப்பி' 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— கொருக்குப்பேட்டை வாசகர்

வேண்டாம். போலி என்று தெரிந்தே வாங்கினால் நாளைக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பீர்கள்? அதே காசுக்குப் பெயர் தெரியாத உள்ளூர்க் கம்பெனி ஷூவைப் பில்லோடு வாங்குங்கள்.

தள்ளுபடி விற்பனையில் 65 லிட்டர் பை, இரண்டு ஊன்றுகோல், தலையில் மாட்டும் டார்ச், கணுக்கால் வரை மூடும் பூட்ஸ், எல்லாம் சேர்த்து 17,000 ரூபாய்க்கு வாங்கினேன். பூட்ஸ் விரலைக் கடிக்கிறது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. எங்கே மலையேறப் போகலாம் என்றும் சொல்லுங்கள்.
— பெரம்பூர் வாசகர்

எங்கே போவது என்றே தெரியாமல் 17,000 ரூபாய் செலவு செய்திருக்கிறீர்கள். பார்சல் வந்த அன்றே சாக்ஸ் போட்டு வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்திருந்தால் பூட்ஸாவது திரும்பிப் போயிருக்கும். 65 லிட்டர் பை கூடாரமும் படுக்கையும் சுமந்து பல நாள் நடப்பவர்களுக்கானது. காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்கு 20 லிட்டர் போதும். பள்ளிக்கூடப் பையே போதும் என்பேன். பிரிக்காத பொருள்களைத் தெரிந்தவர்களுக்கு விற்றுவிடுங்கள். ஊன்றுகோலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் முட்டிக்கு உதவும்.

பூட்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும். இந்த முறை கடைக்கு நேரில் போங்கள், அதுவும் சாயங்காலம். பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போட நினைக்கும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். கடையில் படிக்கட்டு இருந்தால் பூட்ஸோடு இறங்கிப் பார்க்க விடச் சொல்லி அடம் பிடியுங்கள். இறங்கும்போது விரல் முட்டினால் மலையில் நகம் கறுத்துப் போகும். எங்கே போவது என்பதற்கு முதல் பதிலைப் படியுங்கள்.

எட்டு மாதம் முன்பு கடையில் 'பாதி விலை' என்று போட்டிருந்த மலையேற்ற ஷூவை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். முதல் முறை போட்டு நடந்தபோது அடிப்பாகம் புட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. கடைக்காரர், 'நீங்கள் சரியாக வைத்துக்கொள்ளவில்லை' என்கிறார். வீட்டு வேலை செய்து சேர்த்த பணம் அக்கா.
— புதுவண்ணாரப்பேட்டை வாசகி

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. இதே மாதிரி எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு கடையில் கழிவு விலையில் வாங்கிய ஷூவை, நல்ல பயணத்துக்கு இருக்கட்டும் என்று பரணில் வைத்தேன். மூன்று வருடம் கழித்துப் பூண்டி பக்கம் குடியம் குகைக்குப் போகும் காட்டுப் பாதையில் முதல் தடவையாகப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் வலது சோல் கழன்றது, திரும்பும் வழியில் இடது. பைக்கயிற்றால் கட்டிக்கொண்டு, கல் குத்திய காலோடு ஊர் வந்து சேர்ந்தேன்.

காரணம் தெரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. மெத்தென்று இருக்கும், பாரம் தாங்கும். ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் அதன் உள்ளே போய்ப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். போட்டாலும் போடாமல் வைத்தாலும் இது நடக்கும், அடைத்த பெட்டிக்குள் வைத்தால் இன்னும் மோசம். கடலோரத்தில் இருக்கும் நம் வீடுகளில் வருடம் முழுக்க இந்த ஈரம் உண்டு. வெளியே தோல் புத்தம் புதிதாகப் பளபளக்கும், உள்ளே சோல் செத்துப் போயிருக்கும். 'ஈ.வி.ஏ.' என்ற நுரையால் செய்த அடுக்கு ஈரத்தால் இப்படி உதிராது. வாங்கும்போது எது என்று கேளுங்கள்.

என் கோபமெல்லாம் இங்கேதான். பாதி விலைக்கு வரும் ஷூக்களில் பல, கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்தவை. அது கடைக்காரருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ரொட்டி வாங்கும்போது தேதி பார்க்கிறோம், பால் பாக்கெட்டில் பார்க்கிறோம். ஷூவில் யாரும் பார்ப்பதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் விலையோடு உற்பத்தி மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஷூ நாக்கின் உட்புறத் துணிச்சீட்டிலும் சில நேரம் இருக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால், எத்தனை சதவீதத் தள்ளுபடியானாலும் நான் தொடமாட்டேன். தேதியின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கடையை விட்டே வந்துவிடுவேன்.

இப்போது செய்ய வேண்டியது: பெட்டியை எறியாதீர்கள். தேதி, பில், உதிர்ந்த சோல் மூன்றையும் படம் எடுங்கள். கடைக்கும் தயாரித்த கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். பழைய சரக்கு என்பதைச் சொல்லாமல் விற்றீர்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினால் போதும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. கடிதம் எழுத ஆள் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

மலையேற்றக் குழு ஒன்றுக்கு மூன்று பேருக்கு 13,500 ரூபாய் போனில் அனுப்பினோம். கிளம்பும் முந்தின நாள், காட்டுத்தீ காலம் என்பதால் வனத்துறை பாதையை மூடிவிட்டது என்றார்கள். 'முன்பணம் திரும்பாது, அடுத்த வருடம் வாருங்கள்' என்கிறார்கள்.
— திருவொற்றியூர் வாசகர்

செய்யாத வேலைக்குக் காசு வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. கோடையில் பாதைகள் மூடப்படும் என்பது தொழில் செய்கிற அவர்களுக்குத் தெரியாததல்ல. அனுமதிச் சீட்டு வாங்கினார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாங்காமலே பணம் பெற்றிருந்தால் அது ஏமாற்று. போனில் வந்த செய்திகள், ரசீது, விளம்பரம் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு மேலே சொன்ன வழியிலேயே போங்கள். அந்தக் குழு எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். போகாமல் போனதே நல்லது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அதன்பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்யலாம், வழிகாட்டி கூட வருவார். நமக்குப் பக்கத்தில் குடியம் குகைப் பாதையும் அதில் உண்டு.

மலையேறும்போது 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்ட பழச்சாறு டப்பா குடிக்கலாமா?
— கொளத்தூர் ஆசிரியை

சர்க்கரைத் தண்ணீருக்கு அந்தப் பெயரைப் போட்டு வெகுகாலம் விற்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி செய்யாத பானத்துக்கு அந்தப் பெயர் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய டப்பா யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மருந்துக்கடைப் பொடியில் அந்த நிறுவனத்தின் பெயரும், ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் என்ற அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மணி நேர ஏற்றத்துக்கு அதுவும் தேவையில்லை. தண்ணீரும் உப்புப் போட்ட நீர்மோரும் போதும்.

நண்பர்கள் வெள்ளியங்கிரிக்குக் கூப்பிடுகிறார்கள். இதுவரை எந்த மலையும் ஏறியதில்லை. போகலாமா?
— காசிமேடு வாசகர்

இந்த வருடம் வேண்டாம். ஏழு மலை அது. நெஞ்சு பழகாமல் ஏறிப் பாதி வழியில் உயிர் விட்டவர்கள் உண்டு.

காட்டன் சாக்ஸா, நைலான் சாக்ஸா?
— மாதவரம் வாசகர்

நைலான் கலந்தது. காட்டன் வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், குதிகாலில் கொப்புளம் வரும். இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்றைப் பையில் வையுங்கள்.