அண்ணன் கட்டிய கார் சோதனையில் தேறுமா?

வாகன வினா விடை

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியிருக்கும் என் அண்ணன், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றின் எஞ்சினையும் பின் அச்சையும் ஸ்டீயரிங்கையும் எடுத்து, தொகுப்பாக வாங்கிய சேஸியிலும் ஃபைபர்கிளாஸ் உடலிலும் பொருத்தி, இரண்டு இருக்கைகள் கொண்ட கிட் கார் ஒன்றைத் தம் கையாலேயே கட்டினார். அது 1994-இல் பதிவானது. முதுகு வலி காரணமாக அவரால் இப்போது குனிந்து வேலை செய்ய முடிவதில்லை. காரும் சில ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. ஜூன் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகும்போது, அங்குள்ள எம்.ஓ.டி. என்னும் ஆண்டு வாகனச் சோதனைக்கு அதைத் தயார் செய்து கொடுக்க விரும்புகிறேன். நான் இங்கே சிங்கப்பூரில் பேருந்துப் பணிமனையில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எஸ்கார்ட் 40 ஆண்டுக்கு மேல் பழையது என்பதால் சோதனையே வேண்டியதில்லை என்கிறார் அண்ணன். அது சரியா? எதை முதலில் பார்க்க வேண்டும்?
- ஈசூன் வாசகர்

பதில்: அண்ணன் சொல்வது சரியில்லை. 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 மே 20 முதல் விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால், வெவ்வேறு வண்டிகளின் பாகங்களைக் கொண்டு கட்டிய கிட் கார்களைப் பெரிதும் மாற்றப்பட்ட வண்டிகளாகவே அங்குள்ள விதிகள் கருதுகின்றன. வரலாற்று வாகனம் என்ற வரிப்பிரிவில் பதிவாகி, கடந்த 30 ஆண்டுகளில் மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருந்தால் மட்டுமே அவற்றுக்கு அந்த விலக்கு கிடைக்கும். 1994-இல் பதிவான கார் அந்த வரிப்பிரிவுக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. ஆகவே ஆண்டுதோறும் சோதனை கட்டாயம்.

சிங்கப்பூரில் பழகிய நமக்குச் சோதனை என்றதும், 'இந்த மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் இருக்கிறதா?' என்ற கவலைதான் முதலில் வரும். எம்.ஓ.டி. அப்படிப்பட்டதன்று. எந்தக் காரின் ஸ்டீயரிங், எந்தக் காரின் இருக்கை என்று சோதகர் கேட்பதில்லை. பொருத்தியது உறுதியாக நிற்கிறதா, வேலை செய்கிறதா, எதிலாவது உரசுகிறதா என்பதையே பார்க்கிறார். என் பார்வையில், இத்தகைய கார்கள் பாகங்களின் முதுமையால் தோற்பதைவிட, அந்தப் பாகங்களை இணைத்த கைவேலையால் தோற்பதே அதிகம். எஸ்கார்ட்டின் பின் அச்சு தொழிற்சாலையில் உருவானது. அதற்குப் போகும் பிரேக் குழாய் உங்கள் அண்ணன் வளைத்தது. மூத்தவர் செய்ததில் இளையவர் குறை காண்பது சங்கடம்தான், ஆனாலும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

அக்காலத்தில் வீட்டில் கார் கட்டியவர்களில் பலர், வளைக்க எளிது என்பதால் செம்புக் குழாயையே பயன்படுத்தினார்கள். செம்பு துருப்பிடிக்காது, ஆனால், தாங்கும் கிளிப் இல்லாமல் நீளமாகத் தொங்கினால் எஞ்சின் அதிர்வில் நாளடைவில் இறுகி, இணைப்பு முனையின் அருகே விரிசல் விடும். கிளிப் இல்லாமல் ஆடும் குழாயும், சேஸியில் உரசித் தேய்ந்த குழாயும் சோதனையில் குறையாக எழுதப்படும். மாற்றுவதென்றால் செம்பு-நிக்கல் கலவைக் குழாயே மேல். பின் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியின் விளிம்பை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டரை மாற்றிவிடுங்கள், துடைத்துவிட்டு மூடாதீர்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் அதை முழுவதுமாக மாற்றுவது நல்லது. அதன் பிறகு காரை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பெடலை அழுத்தி விட, மற்றவர் ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் இறுக்கமாகச் சுழன்றால் அந்த காலிப்பரின் பிஸ்டன் சிக்கியிருக்கலாம். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கிடையே பிரேக் விசை 30 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால், சக்கரங்களை ஏற்றிச் சுழற்றிப் பார்க்கும் சோதனை உருளை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இலேசான காரின் சக்கரங்கள் உருளைமீது சீக்கிரமே பூட்டிக்கொள்ளும், அதைக் கண்டு பதற வேண்டாம். பாதிக்கு மேற்பட்ட சக்கரங்கள் பூட்டினால் பிரேக் திறன் போதும் என்றே கொள்வார்கள்.

அடுத்தது மின்சாரம். உங்கள் பேருந்து அனுபவம் இங்கே சற்றுத் திசைதிருப்பக்கூடும். இரும்பு உடலில் விளக்குக்கூடு உடல் வழியாகவே எர்த் பெறலாம்; ஃபைபர்கிளாஸில் அதற்கு வழியில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் தேவை, அவை எல்லாம் எங்கோ ஒரு போல்ட்டில் வந்து சேரும், அந்த போல்ட் பச்சை பூத்துக் கிடக்கும். காரின் பின்பக்கத்தை ஒரு சுவரை நோக்கி நிறுத்தி, பக்க விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒருசேரப் போட்டுப் பாருங்கள். இண்டிகேட்டர் மின்னும் ஒவ்வொரு முறையும் பிரேக் விளக்கு மங்கினால், பல்பை மாற்றிப் பயனில்லை. மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரியின் எதிர்மறை (-) முனையிலும் வைத்து விளக்கை எரியவிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையிலுள்ள இணைப்புகளைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து மீண்டும் முடுக்குங்கள். பின்பக்க மூடுபனி விளக்கையும் மறந்துவிடாதீர்கள்: 1980 ஏப்ரல் 1-க்குப் பிறகு முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்கு அது ஒன்றாவது வேண்டும், நடுவிலோ ஓட்டுநர் பக்கத்திலோ இருக்க வேண்டும். நம் ஊரில் அதற்கு வேலையே இல்லாததால் கண்ணில் படாமல் போய்விடும்.

டயர் பட்டைகள் ஆழமாகவே இருக்கும், ஓடாத கார் அல்லவா! பட்டையின் நடு முக்கால் பாகத்தில் 1.6 மில்லிமீட்டர் ஆழம் போதும் என்பது விதி. ஆனால் டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2309 என்றிருந்தால் அது 2009-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. வயதுக்காக மட்டும் காரின் டயரைச் சோதகர் நிராகரிக்க மாட்டார், உள்நூல் தெரியும் அளவுக்கு வெடித்திருந்தால்தான் நிராகரிப்பார். இருந்தாலும் பத்து ஆண்டு கடந்த டயரில் உங்கள் அண்ணனை ஓட்டவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

சீட்பெல்ட் பிடிமானங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் சேஸியில் துரு அரித்திருக்கக் கூடாது. குழாய்களால் ஆன சேஸியின் அடிமூலைகளில் நீர் தேங்குமாதலால், கம்பளத்தைத் தூக்கிவிட்டு ஒரு மழுங்கிய கருவியால் தட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் ரேக்கின் பிடிப்புகள், பால் ஜாயிண்டுகள், புஷ்கள் ஆகியவற்றை எப்படிப் பார்ப்பது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

புகைச் சோதனைக்கு அஞ்ச வேண்டாம். 1998 ஆகஸ்ட் 1-க்கு முன் பயன்பாட்டுக்கு வந்த கிட் கார்களுக்குக் கண்ணால் பார்க்கும் புகைச் சோதனை மட்டுமே. கருவியில் அளவு பார்ப்பதில்லை. பெட்ரோல்தான் சிக்கல். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாயை அது உப்பவைத்து வெடிக்கச் செய்யும். டேங்கில் நிற்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, எத்தனாலைத் தாங்கும் ஆர்-9 வகைக் குழாயைப் போடுங்கள். கசிவு தெரிந்தால் சோதனையில் தேறாது என்பதைவிட, கார் தீப்பிடிக்கலாம் என்பதே பெரிய காரணம்.

போவதற்கு முன்பே அண்ணனிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பிரிட்டிஷ் அரசின் இணையத்தளத்தில் அந்தக் காரின் பழைய சோதனை வரலாற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிச் சோதனையில் ஆலோசனைக் குறிப்பாக எழுதப்பட்டவையே இம்முறை தோல்வியாக மாறக்கூடும். ஒரே ஒரு யோசனை: நகராட்சிகள் தங்கள் சொந்த வண்டிகளுக்காக நடத்தும் சோதனை நிலையங்கள் சில ஊர்களில் பொதுமக்களுக்கும் திறந்திருக்கின்றன. அவை பழுதுபார்ப்பதில்லை என்பதால் இல்லாத வேலையை எழுதிக்கொடுக்க அவர்களுக்குக் காரணமில்லை. காருக்கான அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு.

கேள்வி: சான்றிதழ் இல்லாமல் காரை நிலையம்வரை ஓட்டிச் செல்லலாமா? தேறிய பிறகு அதை சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியுமா?
- அதே வாசகர்

பதில்: முன்பதிவு செய்த சோதனைக்கு நேராக ஓட்டிச் செல்லலாம், சாலை வரியும் பழைய சான்றிதழும் இல்லாவிட்டாலும் அதற்கு அனுமதி உண்டு. காப்பீடு மட்டும் இருந்தே ஆக வேண்டும். வருகையாளராக உங்கள் சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமத்தை அங்கே 12 மாதம்வரை பயன்படுத்தலாம் என்றாலும், அண்ணனின் காப்பீட்டில் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முன்பதிவுக் குறிப்பைக் கைபேசியில் வைத்திருங்கள்.

இங்கே கொண்டுவரும் ஆசையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். மூன்று ஆண்டு கடந்த காரை சிங்கப்பூரில் இறக்குமதி செய்து பதிவு செய்ய முடியாது. பழம்பெரும் வாகனத் திட்டங்கள் மட்டுமே விலக்கு. அவற்றில் கிளாசிக் பிரிவுக்கு 35 வயது நிறைய வேண்டும், 1994-இல் பதிவான காருக்கு அது 2029-இல்தான் நிறையும். அதிலும் வீட்டில் கட்டிய காரை ஏற்பார்களா என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கப்பல் கூலிக்கு ஒரு வெள்ளிகூடச் செலவிடாதீர்கள்.

கேள்வி: என் கார் 12 ஆண்டு பழையது, வாகன உரிமைச் சான்றிதழைப் (சி.ஓ.இ.) புதுப்பித்து ஓட்டுகிறேன். ஆண்டுச் சோதனைக்கு முன் 'எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்' என்கிறது பட்டறை. அவசியமா?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அவசியமில்லை. பத்து ஆண்டு கடந்த காருக்கு இங்கே ஆண்டுதோறும் சோதனை உண்டு, அதில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது என்பதால்தான் பட்டறைக்காரர்கள் அந்த அச்சத்தைப் பயன்படுத்துகிறார்கள். விளக்குகள், டயர்கள், வைப்பர், புகைபோக்கி ஆகியவற்றை நீங்களே பார்த்துவிடலாம். கண்ணாடியில் ஒட்டிய கருநிறப் படலத்தைக் கவனியுங்கள்: முன்கண்ணாடியும் முன் பக்கக் கண்ணாடிகளும் 70 விழுக்காடு ஒளியையாவது உள்ளே விட வேண்டும். மற்றதற்கு நேராகச் சோதனை நிலையத்துக்கே போங்கள். தேறாவிட்டால் எந்தக் குறை என்று எழுதித் தருவார்கள். அந்தத் தாளில் உள்ளதை மட்டும் சரிசெய்யச் சொல்லிப் பட்டறையிடம் கொடுங்கள்.