கேள்வி–பதில்: ஒரு நகரம் ஆபத்தானது என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி: ‘ஆபத்தான நகரங்கள்’ பட்டியல் ஆண்டுக்காண்டு தலைகீழாக மாறுகிறதே, நம்பலாமா?

பதில்: எதை எதால் வகுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். ஓராண்டுக் கொலைகளை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்குவதுதான் வழக்கமான கணக்கு. இதில் நகர எல்லை எங்கே முடிகிறது என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் 1876-ல் வாக்கெடுப்பு நடத்தித் தன்னைச் சுற்றியிருந்த கவுன்டியை (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) விட்டுப் பிரிந்தது. அன்று போட்ட எல்லைதான் இன்றும். 2020 கணக்கெடுப்பில் எல்லைக்குள் சுமார் 3 லட்சம் பேர். பெருநகரப் பகுதி முழுவதும் சேர்த்தால் சுமார் 28 லட்சம். புறநகர்கள் கோட்டுக்கு வெளியே நிற்பதால் விகிதம் எகிறிவிடுகிறது. புறநகரையும் சேர்த்து எண்ணும் நகரத்தோடு இதை ஒப்பிடுவது நியாயமே இல்லை.

அடுத்தது தற்செயல். 6 லட்சம் பேர் வாழும் ஊரில் ஓராண்டு 18 கொலை, மறு ஆண்டு 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘33 சதவீதம் உயர்வு’ என்று செய்தி வரும். இப்படிப்பட்ட சிறிய எண்ணிக்கை தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை அதன் வர்க்கமூலத்தை வைத்து மதிப்பிடலாம். 18-ன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.2. அதன் இரு மடங்கைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால், நிலைமை கொஞ்சமும் மாறாமலே 10 முதல் 26 வரை எந்த எண்ணும் வரலாம். போனது ஒவ்வொன்றும் ஓர் உயிர்தான். ஆனாலும் ஊர் கெட்டுவிட்டது என்று அந்த 24-ஐ வைத்துச் சொல்ல முடியாது. மூன்று முதல் ஐந்து ஆண்டுச் சராசரியைக் கேளுங்கள்.

கேள்வி: கொலையை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்? அடிதடி, வெட்டுக்குத்து எல்லாம் கணக்கில்லையா?

பதில்: கொலையை மறைப்பது கடினம். அடிதடியோ, அடிபட்டவர் காவல் நிலையத்துக்குப் போக, போலீசார் புகாரை வாங்கிக்கொண்டு, உரிய சட்டப்பிரிவில் பதிந்தால்தான் எண்ணிக்கையில் ஏறும். பெண்களுக்கென உதவி மையம் திறந்த ஆண்டில் வழக்குகள் கூடினால் பதறாதீர்கள். அதுவரை வாய்மூடி இருந்தவர்கள் பேசத் தொடங்கியிருக்கலாம். கொலைக் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தால் குத்துப்பட்டவர் பிழைத்துக்கொள்வார். வன்முறை குறையாமலே கொலை குறையும்.

அதனால்தான் ‘உங்களுக்கு ஏதாவது குற்றம் நேர்ந்ததா?’ என்று வீடு வீடாகக் கேட்கும் ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவில் 1973 முதலும், இங்கிலாந்து–வேல்ஸில் 1982 முதலும் நடக்கின்றன. போலீசுக்குப் போகாத சம்பவங்களும் இதில் பிடிபடும். ஆனால் பழைய சம்பவத்தைப் ‘போன வருஷம்தான்’ என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், மருத்துவமனைக் கணக்குதான் அதிகம் உதவும். வேல்ஸின் கார்டிஃப் நகரில் அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேசையிலேயே நாள், நேரம், இடம், ஆயுதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும் முறை வந்தது. பெயரை நீக்கிவிட்டு, காவல்துறைக்கும் உள்ளாட்சிக்கும் தருகிறார்கள். ‘இடம்’ என்ற கட்டத்தில் ‘டவுன்’ என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. எந்த மதுக்கூடம், எந்தத் தெருமுனை என்று எழுதினால்தான் ரோந்து எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும்.