ஒரு மைல் பாதையின் கடைசியில் ஒரு கல்லூரி: ஹார்லாக்ஸ்டன் கேள்வி பதில்

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை ஹார்லாக்ஸ்டன் கல்லூரியில் ஒரு செமஸ்டர் படித்தேன். லண்டனுக்கு வடக்கே, லிங்கன்ஷர் பகுதியில், கிராந்தம் என்ற சிறு நகரத்திலிருந்து மூன்று மைல் தள்ளி இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள எவன்ஸ்வில் பல்கலைக்கழகம் 1971 முதல் அதைத் தன் இங்கிலாந்து வளாகமாக நடத்தி வந்தது. எனக்குச் சொந்த ஊர் மதுரை. பட்டப்படிப்புக்கு எவன்ஸ்வில் போய், அங்கிருந்து இங்கிலாந்து போனவள். போன மாதம் அந்த நாட்களைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லிவைக்க, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு அப்பா: மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். பெரிய பல்கலைக்கழகம் வேண்டாம், இங்கிலாந்தில் சின்னக் கல்லூரியாக இருந்தால் தேவலை என்கிறாள். நேரடியாக ஹார்லாக்ஸ்டனில் சேர்க்கலாமா?

அதற்கான இடம் இது இல்லை சார். அங்கே தனியாகப் பட்டம் கிடையாது. எவன்ஸ்வில் மாணவர்களும் அதோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் அமெரிக்கக் கல்லூரிகளின் மாணவர்களும் ஒரு செமஸ்டர் வந்து படித்துவிட்டுத் திரும்புவார்கள். பட்டம் அவரவர் கல்லூரியில்தான்.

மூன்று வருடமும் இங்கிலாந்திலேயே இருந்து லிபரல் ஆர்ட்ஸ், அதாவது பல துறைப் பாடங்களைக் கலந்து படிக்கும் படிப்பு, வேண்டுமென்றால் லண்டனில் யுசிஎல் எனப்படும் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனும் கிங்ஸ் காலேஜும் 2012 முதல் அப்படிப்பட்ட படிப்புகளை நடத்துகின்றன. ஆனால் இரண்டுமே பெரிய நிறுவனங்கள். லண்டனிலேயே ரிச்மண்ட் அமெரிக்கன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது, அளவில் சிறியது, அமெரிக்கப் பாணி. இங்கிலாந்தின் பழைய வழக்கம் முதல் நாளிலிருந்தே ஒரே பாடத்தை மூன்று வருடம் தோண்டுவது. பல பாடங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது அமெரிக்க வழக்கம். உங்கள் மகள் இவற்றில் எது என்று முதலில் கேளுங்கள். "சின்னக் கல்லூரி" என்று அவள் சொல்வதற்குள் இந்தக் கேள்வியும் ஒளிந்திருக்கலாம். அப்புறம், சென்னைப் பக்கத்திலேயே ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம் இருக்கிறது, அதையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

திருச்சி மாணவி: லிபரல் ஆர்ட்ஸ் என்றால் நம்ம ஊர் ஆர்ட்ஸ் குரூப்தானே அக்கா?

இல்லைம்மா. கணக்கும் இயற்பியலும் அதற்குள்தான் வரும். என்னுடைய மெயின் உயிரியல். ஹார்லாக்ஸ்டனில் ஷேக்ஸ்பியரும் ஓவிய வரலாறும் எடுத்தேன், இரண்டும் பட்டத்துக்கான கிரெடிட்டில் சேர்ந்தன. ஒன்று மட்டும் கவனம்: அது சின்ன இடம், லேப் தேவைப்படும் மேல்நிலைப் பாடங்களை அங்கே எதிர்பார்க்காதே. அறிவியல், பொறியியல் ஆட்கள் இரண்டாம் ஆண்டிலேயே போய்விடுவது நல்லது.

நாகர்கோவில் வாசகர்: படத்தில் பார்த்தால் அரண்மனை மாதிரி இருக்கிறதே, உண்மையிலேயே அதற்குள்தான் தங்குவீர்களா?

ஆமாம். வகுப்பு, சாப்பாட்டுக்கூடம், நூலகம், படுக்கை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. முதல் நாள் பஸ் வாயிலுக்குள் நுழைந்ததும் நேராக ஒரு மைல் நீளப் பாதை. அதன் கடைசியில் பொன்னிறக் கல்லில் கோபுரங்கள். எல்லாரும் போனைத் தூக்கினோம். அரண்மனைக்காரர் அறையே எனக்குக் கிடைக்கும் என்று கனவு கண்டது வேறு கதை. எனக்குக் கிடைத்தது மேல்மாடியில், ஒரு காலத்தில் வேலைக்காரர்கள் இருந்த பக்கம், இன்னும் இரண்டு பேரோடு பகிர்ந்துகொள்ளும் அறை. ஜன்னல் இடுக்கில் காற்று விசில் அடிக்கும்.

கட்டியவர் பெயர் கிரெகரி கிரெகரி. இனிஷியலும் பெயரும் ஒன்றே போல. கல்யாணம் ஆகாத பணக்காரர். 1830களில் வேலை தொடங்கியது. முதல் கட்டடக் கலைஞர் ஆன்டனி சால்வின், பிறகு வில்லியம் பர்ன். வீட்டுக்குள் கரி கொண்டுவர ஒரு குட்டி ரயில் பாதையே போட்டிருக்கிறார். இவ்வளவும் செய்துவிட்டு 1854இல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்குப் பிடித்தவர் பின்னால் வந்த வயலட் வான் டெர் எல்ஸ்ட். ஷேவிங் கிரீம் விற்றுச் சம்பாதித்த பெண்மணி. தூக்குத் தண்டனையை ஒழிக்கச் சொல்லிச் சிறை வாசல்களில் போய் நின்றவர். 1937இல் இந்த வீட்டை வாங்கி, மின்சாரம் கொடுத்து, கிராந்தம் காசில் என்று பெயரும் மாற்றினார். அவர் கையிலிருந்து 1948இல் ஏசு சபையினரிடம் போனது. 1965 முதல் சில ஆண்டுகள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் எவன்ஸ்வில்.

அதே வாசகர்: பேய் உண்டா?

உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். நான் பார்த்தது ராத்திரி இரண்டு மணிக்குப் பிஸ்கட் தேடி இறங்கி வந்த ரூம்மேட்டைத்தான்.

டெக்சஸிலிருந்து ஒரு மாணவர்: பிரிட்டிஷ் ஸ்டடீஸ் என்ற பாடம் கட்டாயமாமே? ரொம்பக் கடினமா?

கடினம்தான் தம்பி. அதற்காகவே போகலாம் என்பேன். எல்லா மாணவர்களுக்கும் சேர்த்து ஒரு பெரிய விரிவுரை. வரலாறு, இலக்கியம், ஓவியம், அரசியல் என்று ஆசிரியர்கள் மாறி மாறி எடுப்பார்கள். பிறகு சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து உட்கார்ந்து விவாதம். எனக்குச் சிக்கல் அந்தச் சின்னக் குழுவில்தான். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தால் பின் பெஞ்ச் என்ற ஒன்றே கிடையாது. படிக்காமல் வந்தது ஐந்தாவது நிமிடம் தெரிந்துவிடும்.

என் முதல் கட்டுரையைச் சொல்கிறேன். நம்ம ஊர் வழக்கப்படி முன்னுரை, உட்தலைப்பு, அடிக்கோடு, முடிவுரை. மன்னர் எட்டாம் ஹென்றி கிறித்தவ மடங்களை மூடியதற்கு ஏழு காரணங்களை எண் போட்டு எழுதியிருந்தேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் பென்சிலில் ஒரே வரி: "இந்த ஏழில் எது இல்லாவிட்டால் மற்ற ஆறும் நடந்திருக்காது?" மதிப்பெண் சி. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பன்னிரண்டு வருடப் படிப்பில் காரணங்களை அடுக்கச் சொன்னவர்கள் உண்டு, எடை போடச் சொன்னவர் யாரும் இல்லை. அடுத்த கட்டுரையை மூன்று தடவை எழுதினேன். அதற்கு பி பிளஸ் வந்தது, அவ்வளவுதான், சினிமா மாதிரி ஏ எல்லாம் வரவில்லை.

ஒஹையோவில் இருக்கும் மாணவி: இந்தியப் பாஸ்போர்ட், எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசா. இங்கிலாந்து போனால் அமெரிக்க விசா போய்விடுமா? எதை முதலில் செய்வது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் வேலை, உன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் போய் உட்காருவது. அமெரிக்காவை விட்டு ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் எஃப்-1 நிலைக்குச் சிக்கல் வரும். உன் கல்லூரியே அங்கீகரித்த வெளிநாட்டுப் படிப்பில் முழுநேர மாணவியாகப் பதிந்திருந்தால் அந்தக் கதை வேறு. அதை அவர்கள் சிஸ்டத்தில் சரியாகப் பதிந்திருக்க வேண்டும். உன் கல்லூரி கொடுத்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்கிக்கொள். பாஸ்போர்ட்டில் உள்ள அமெரிக்க விசா நீ திரும்பும் தேதியைத் தாண்டிச் செல்லுமா என்று பார். செல்லாது என்றால் புது ஸ்டாம்ப் வாங்காமல் உள்ளே வர முடியாது. இதைக் கிளம்புவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

அடுத்து இங்கிலாந்து விசா. நான் போனபோது குறுகிய காலப் படிப்பு விசா என்று தனியாக இருந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்பு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசாவிலேயே அடங்கிவிடுகிறது. நாம் கண்டிப்பாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரிக் கடிதம், பணத்துக்கான சான்று இரண்டும் கையில் இருக்கட்டும்.

மூன்றாவதில்தான் நான் கோட்டை விட்டேன். இங்கிலாந்து விசாவை வைத்துக்கொண்டு பாரிஸ் போக முடியாது, அதற்கு ஷெங்கன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பொது விசா தனி. பொதுவாக நீ குடியிருக்கும் நாட்டிலிருந்துதான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கூடப் படித்த அமெரிக்கப் பிள்ளைகள் வியாழக்கிழமை சாயங்காலம் முதுகுப்பையோடு பாரிஸ், ரோம் என்று பறப்பார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று டாட்டா காட்டுவேன். நீ அமெரிக்காவில் இருக்கும்போதே, இங்கிலாந்து விசா முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வந்ததும், ஷெங்கனுக்கு அப்பாயின்ட்மென்ட் தேடு.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு அம்மா: மகன் அமெரிக்கக் குடிமகன். அவனுக்கு என்ன வேண்டும்? பகுதி நேர வேலை பார்க்கலாமா?

விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரி 8 முதல் ஈடிஏ என்ற மின்னணு அனுமதி கட்டாயம். போனிலேயே விண்ணப்பிக்கலாம். வேலை கூடவே கூடாது. செலவுப் பணத்தை இங்கிருந்தே கொண்டுபோகட்டும். இங்கிலாந்தில் பதினெட்டு வயதிலேயே மது வாங்கலாம் என்பதை அவன் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பான், நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், சலிக்கும். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, மேலே பீன்ஸ், சீஸ். திங்கள் உருளைக்கிழங்கு, செவ்வாயும் உருளைக்கிழங்கு. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் அக்டோபர் வரை காப்பாற்றின.

அதன் பிறகு வழி கண்டுபிடித்தேன். கிராந்தமிலிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். அங்கிருந்து நார்தர்ன் லைன் சுரங்க ரயிலில் ஹைகேட் இறங்கினால் ஈழத் தமிழர்கள் எழுப்பிய முருகன் கோவில். ஒரு வெள்ளிக்கிழமை ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாக உள்ளே போனேன். கற்பூர வாசனையும் நாதஸ்வரமும் ஒன்றாக வந்து மோதியதில் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு யாழ்ப்பாணத்து அம்மா "எங்கை பிள்ளை இருக்கிறீர்?" என்று கேட்டார். கிராந்தம் என்றேன். "அங்கை ஆர் இருக்கினம்?" என்று நெற்றியைச் சுருக்கினார். ஒருத்தரும் இல்லை என்றதும் அவர் பையிலிருந்த வடைகள் என் பைக்கு மாறின. மளிகை, தோசை என்று போனால் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம்.

16 முதல் 25 வயதுக்காரர்களுக்கு ரயில் கார்டு உண்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். போன முதல் வாரமே வாங்கிவிடுங்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: இதனால் இங்கிலாந்தில் வேலை கிடைக்குமா?

கிடைக்காது. அந்த எண்ணம் இருந்தால் அங்கேயே பட்டம் படிக்கும் வழியைப் பாருங்கள்.

டெட்ராய்ட் மாணவி: அமெரிக்க ஆசிரியர்கள், அமெரிக்க மாணவர்கள், அமெரிக்கக் கிரெடிட். அப்படியென்றால் இங்கிலாந்து எங்கே இருக்கிறது?

சரியான இடத்தில் கை வைத்தாய். ஆசிரியர்களில் பிரிட்டிஷ்காரர்களும் இருந்தார்கள், ஆனாலும் அது அமெரிக்கத் தீவுதான். வெள்ளி முதல் ஞாயிறு வரை வகுப்பு இல்லை, தீவு முழுக்க ஐரோப்பாவுக்குப் பறந்துவிடும். நாலு மாதம் இங்கிலாந்தில் படித்துவிட்டு, பன்னிரண்டு நாட்டு விமான நிலையங்களைப் பார்த்தவர்கள் உண்டு, கிராந்தம் கடைத்தெருவைப் பார்க்காதவர்களும் உண்டு. ஷெங்கன் இல்லாமல் நான் மாட்டிக்கொண்டதில் ஒரு லாபம், எனக்குக் கிராந்தம் கிடைத்தது.

நியூட்டன் பள்ளி போன ஊர் அது. அவர் பிறந்த உல்ஸ்தார்ப் வீடு தெற்கே சில மைல் தூரத்தில், ஆப்பிள் மரத்தோடு. பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் 1925இல் பிறந்ததும் கிராந்தமில், அப்பா மளிகைக் கடைக்காரர். கடைக்காரப் பெண்மணி என்னை "மீ டக்" என்று கூப்பிட்டபோது முதலில் கோபம் வந்தது. வாத்து என்கிறாளே! அந்தப் பக்கத்தில் அது நம்ம "கண்ணு" மாதிரி. பக்கத்து ஊர்க் கோட்டைப் பெயரை எழுத்துக் கூட்டி "பெல்வார்" என்று படித்துச் சிரிப்பை வாங்கினேன், அதைப் "பீவர்" என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

கல்லூரியில் "மீட் எ ஃபாமிலி" என்று ஒரு ஏற்பாடு இருந்தது, விரும்பினால் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு சேர்த்துவிடுவார்கள். அதில் கட்டாயம் பெயர் கொடு. எனக்கு வாய்த்தவர்கள் ஓய்வுபெற்ற தம்பதி. முதல் ஞாயிறு மதியம் எனக்காகக் காய்கறியில் தனியாகக் கிரேவி செய்து, கிண்ணத்தில் என் பெயர் எழுதிய சீட்டு ஒட்டி வைத்திருந்தார் அந்த ஆன்ட்டி. நவம்பரில் ஆன்ட்டிக்குச் சளி பிடித்தபோது அவர்கள் அடுப்பில் நான் ரசம் வைத்தேன். அங்கிள் ஒரு கரண்டி குடித்தார், இருமினார், இன்னொரு கரண்டி குடித்தார். "இது சூப்பா, மருந்தா?" என்றார். இரண்டும்தான் என்றேன். ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசிக் கேள்வி, மதுரைக்காரர் ஒருவர்: ஆகஸ்டில் போவதா, ஜனவரியில் போவதா?

என்னைக் கேட்டால் ஜனவரி. குளிரில் தொடங்கி வெளிச்சத்தில் முடியும். நான் போனது தலைகீழ். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு நாலரைக்கே இருட்டு, டிசம்பரில் நாலு மணிக்குள் சூரியன் காலி. எந்தப் பருவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை மட்டும் உங்கள் கல்லூரியில் உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

ஆகஸ்டுதான் அமைகிறது என்றால் நல்ல டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள். ஒருநாள் கல்லூரி வேனைத் தவறவிட்டு, கிரெகரி என்ற பெயரிலேயே இருக்கும் பப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். போனில் சார்ஜ் இல்லை. அந்த ஒரு மைல் பாதையில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆடுகள் மூச்சு விடும் சத்தம் மட்டும்தான் துணை.