யாரும் ஏறாத சுண்ணாம்புப் பாறையில் ஏறலாமா?

கேள்வி: நானும் நண்பரும் இதுவரை வழி அமைத்து போல்ட் (கயிறு மாட்டப் பாறையில் பதிக்கும் உலோக ஆணி) அடித்த பாறைகளில்தான் ஏறியிருக்கிறோம். இப்போது ஆள் நடமாட்டமில்லாத ஒரு சுண்ணாம்புப் பாறைக்குப் போக ஆசை. அங்கங்கே பழைய போல்ட்கள் இருக்கின்றனவாம். எதில் கவனம் தேவை?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் ஒன்று, நீங்கள் ஏறிப் பழகிய இடங்களில் ஆடுகிற கல்லையெல்லாம் முன்னால் வந்தவர்கள் தட்டி எடுத்துவிட்டார்கள், மிச்சத்தைப் பல பேர் இழுத்துப் பார்த்தாயிற்று. இங்கே அந்த வேலை உங்களுடையது. சுண்ணாம்புப் பாறை மழைநீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். விரல் நுழைகிற குழிகள் அப்படித்தான் உண்டாகின்றன, ஏறுவதற்கு அதுதான் சுகம், ஆனால் கெட்டியாகத் தெரியும் பாளத்தின் பின்னால் அதே தண்ணீர் புகுந்து பிளந்து வைத்திருக்கும். எடையைக் கொடுக்கும் முன் உள்ளங்கையால் தட்டுங்கள். காலிப் பானையைத் தட்டியது போலக் கேட்டால் விட்டுவிடுங்கள். வேறு பிடியே இல்லையென்றால் கீழ்நோக்கி மட்டும் அழுத்துங்கள், வெளிப்பக்கம் இழுக்கவே கூடாது. கீழே கயிறு பிடிப்பவர் ஏறுபவருக்கு நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நிற்கட்டும், ஹெல்மெட் இருவருக்கும்.

அப்புறம் அந்தப் பழைய போல்ட்கள். கடலோரப் பாறை என்றால் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். தாய்லாந்தின் ரெய்லே, டோன்சாய் பாறைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்களே சில வருடங்களில் உடைந்திருக்கின்றன, வெளியே துரு அதிகம் தெரியாமலே உள்ளுக்குள் விரிசல் ஓடிவிடுகிறது. அதனால்தான் அங்கே டைட்டானியம் போல்ட்களைப் பசை வைத்துப் பதிக்கிறார்கள். எவ்வளவு பழையது, என்ன உலோகம் என்று தெரியாத ஒற்றை போல்ட்டை நம்பி இறங்காதீர்கள்.

வழவழப்பான சுண்ணாம்புப் பிளவில் கேம் (பிளவுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் கருவி) வழுக்கும். பாறையில் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிவரும் துளைகள் கிடைக்கும், அதில் ஸ்லிங் (வளையமாகத் தைத்த உறுதியான நாடா) கோத்துக்கொள்வது எவ்வளவோ மேல். துளையைச் சுற்றியுள்ள கல் உறுதியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை விட்டுச் சில நாள் ஆனாலும் உள்ளிருந்து நீர் கசியும், அதையும் கணக்கில் வையுங்கள்.

தயவுசெய்து, பிடிக்கு இடைஞ்சல் என்று இடுக்கில் நிற்கும் குட்டை மரங்களைப் பிடுங்காதீர்கள். கனடாவின் நயாகரா செங்குத்துப் பாறைகளில் அப்படி நிற்கும் வெள்ளை சீடார் மரங்கள் சிலவற்றுக்கு வயது 1,000-க்கும் மேல். பருந்தோ வல்லூறோ கூடு கட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

கயிற்றின் நுனியில் முடிச்சு கட்டாயம். எந்தப் பாறை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், தாமதமானால் யாரை அழைப்பது என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.